ரெனாட்டாவின் கையெழுத்து

பதினோராவது இரவு.
கோவில்வெண்ணி கொள்முதல் நிலையத்தில்
நெல்லுக்குக் காவல் நாங்கள் நாலு பேர்.
டோக்கன் நூற்று நாற்பது பொய்யாமொழி,
அடுத்தது நான், அதற்கடுத்தது சவரி.
செங்கொடி கடைசி.
அவள் அப்பா தஞ்சாவூர் மெடிக்கலில்
கால் கட்டோடு கிடந்தார்.

சாக்கு இல்லை என்றார் பில் கிளார்க்.
லாரி இல்லை என்றார்.
பிறகு அவரே இல்லை.
எங்களுக்கு இருந்தது ரெனாட்டா மட்டும்.

மூன்றாம் பாகத்தை
மன்னார்குடி மேலவீதிக் கடையில்
மணிக்கு நாற்பது ரூபாய் கொடுத்து
ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல
ஆளுக்கு அரைமணி ஆடி முடித்திருந்தோம்.

"கடிபட்டவன் ஏழு மணி நேரத்துல
எந்திரிச்சு நடப்பான். இது முதல் பாகத்துச் சட்டம்.
டாக்டர் விக்கர்ஸ் மட்டும் எப்படி மூணு நாள் தாங்குனாரு?
வசனம் பாக்கி இருந்துச்சோ?"
சவரிதான் ஆரம்பித்தான்.

"பெரிய மனுஷனுக்கு எந்த ஊர்ல ஏழு மணி நேரம்?"
என்றான் பொய்யாமொழி,
நேற்று வந்து நேற்றே எடை போட்டுப் போன
வியாபாரியின் டயர்த் தடத்தைப் பார்த்தபடி.

ரெனாட்டாவுக்கு வந்தோம்.
வராமல் எந்த இரவும் விடிந்ததில்லை.
இரண்டாம் பாகத்தில் மதகை இறக்கியவள்.
இந்தப் பக்கம் முந்நூறு பேர்,
அந்தப் பக்கம் அவள் தம்பி.
இறக்கியது சரி என்ற நானும்
பாவம் என்ற சவரியும்
ஒரு பொங்கல் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறோம்.

"சரி தப்பை விடுங்கடா" என்றாள் செங்கொடி.
"அப்பேர்ப்பட்டவளை மூணாவதுல
பத்து நிமிஷம்கூட வைக்கலையே.
கதவைத் திறந்தா ஒரு கடுதாசி, ஒத்தைச் செருப்பு.
ஹீரோவுக்குக் கோபம் வரணும்,
அதுக்கு இவ சாவணுமா?
கோபப்பட வேற காரணமே கெடைக்கலையா அவனுக்கு?
இந்தக் களத்துல ஒரு நாள் வந்து நிக்கச் சொல்லு."

"அதிர்ச்சி இல்லாம கதை ஏது?"
"அதிர்ச்சி வேற. ஏமாத்தறது வேற."

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு
காலை இழுத்து இழுத்து
ஆறேழு உருவங்கள் எங்களை நோக்கி வந்தன.
சவரி செல்போன் லைட்டை அணைத்தான்.
வெளிச்சத்துக்குத்தான் வருவார்கள் என்பதும்
முதல் பாகத்துச் சட்டம்.
வந்ததில் ஒன்று
பீடிக்கு நெருப்புக் கேட்டது.

நாலரைக்கு மழை.
மாசியில், ஒரு மின்னல்கூட முன்னால் காட்டாமல்.
இப்படி ஒரு காட்சியை எவனாவது எழுதியிருந்தால்
கிழித்துத் தொங்கவிட்டிருப்போம்.

நான்கு குவியல், மூன்று தார்ப்பாய்.
யாரும் எதுவும் பேசவில்லை.
நான் என் முனையை இழுத்தேன்,
சவரி அவன் முனையை.
பொய்யாமொழி அதற்குள் கல் வைத்துவிட்டிருந்தான்.
மூன்றில் ஒன்று செங்கொடி கொண்டுவந்தது.
அது யார் குவியல்மேல் கிடந்தது என்பதை
நான் சொல்லப்போவதில்லை.

காலையில் பில் கிளார்க் வந்தார், சாக்கு வந்தது.
எங்களுக்குப் பதினாறு, பதினாறரை.
அவள் நெல்லில் மீட்டர் இருபத்திரண்டு காட்டியது.
"காய வெச்சுக் கொண்டாம்மா."

"எழுதுனவன் சரியில்ல" என்று
வானத்தைக் காட்டினான் பொய்யாமொழி.
"எழுதுனவன் கெடக்கட்டும்.
முனையைப் பிடிச்சு இழுத்தது யாரு?"
அதற்குமேல் அவள் பேசவில்லை.

தார்ச்சாலையில் ஒரு பாதி அடைத்து
நெல்லைப் பரப்பினாள்.
நாங்களும் போய்ப் பரப்பினோம்.
வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் இல்லை.
வெயில் ஏறியது.
மன்னார்குடி பஸ் ஒன்று
நெல்லில் ஏறாமல் ஒதுங்கிப் போனது.

வெகுநேரம் கழித்து,
காலால் சால் போட்டுக்கொண்டே கேட்டாள்:
"முதல் பாகத்துல படகுப் பதிவேடு வருமே,
ரெனாட்டா கையெழுத்துப் போடுவாளே,
எந்தக் கை?"

"இடது" என்றான் சவரி.

"எழுத்து இடப்பக்கம் சாஞ்சிருக்கும்.
கடுதாசியில வலப்பக்கம் சாயுது."

நாங்கள் மூவரும் நின்றுவிட்டோம்.
அவள் மட்டும்
சாலையின் அந்தக் கோடி வரைக்கும்
கிளறிக்கொண்டே போனாள்.